கடை, களஞ்சியம், அலுவலகம்: கொழும்பு வியாபாரத்துக்கு எந்த வலையமைப்பு?

கொழும்பில் நடுத்தர வியாபாரம் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புறக்கோட்டையில் ஒரு கடை, பேலியகொடையிலோ வத்தளையிலோ ஒரு களஞ்சியம், கணக்குப் பார்க்க வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு அலுவலகம். இருபது முப்பது பேர் வேலை செய்வார்கள். பத்துப் பதினைந்து கணினிகள், பில் இயந்திரங்கள், கண்காணிப்புக் கமராக்கள், எல்லோர் கையிலும் கைபேசி. கணக்கு மென்பொருள் ஓரிடத்தில் ஓடும். மற்ற இரண்டு இடங்களும் அதைத் தொட்டுத்தான் பில் போடவும் இருப்புப் பார்க்கவும் வேண்டும்.

இந்த மூன்றையும் ஒன்றாக இணைக்கப் புறப்படும் முதலாளியிடம் விற்பனையாளர்கள் நீட்டுவது பெட்டிகளின் விலைப்பட்டியல். அதைப் பிரிப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சனிக்கிழமை காலை பதினொரு மணி, கடையில் ஆள் நிறைந்திருக்கிறது, இணைப்பு நின்றுவிட்டது. "தம்பி, நெட் இல்லை, உடனே வாங்கோ" என்று யாரை அழைப்பீர்கள்? அவருக்கு அந்தப் பெட்டிக்குள் நுழைய அனுமதி இருக்கிறதா? அவர் வரும்வரை வியாபாரம் ஓடுமா? கொழும்பில் இன்று கிடைக்கும் நான்கு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். வேகமும் விலையும் அதற்குப் பிறகுதான்.

இணைப்போடு வரும் பெட்டி

ஸ்ரீலங்கா ரெலிகொமோ டயலொக்கோ இணைப்புடன் தரும் ரூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் கணினிகளுக்குக் கம்பி பிரித்துத் தரும் ஒரு மலிவான சுவிட்சைச் செருகிவிடுவது முதல் வழி. ஒரே கடை, நான்கைந்து கணினி என்றால் இதுவே போதும். தனிச் செலவு கிடையாது, பழுதானால் பெட்டியை மாற்றித் தருவார்கள். அப்படிப்பட்டவரிடம் இதற்கு மேல் எதையும் விற்க முயல்வது நியாயமில்லை.

கிளை இரண்டானதும்தான் சிக்கல். இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே உள்ளே பகிர்கின்றன. கடையிலும் 192.168.1.20 என்று ஒரு கணினி இருக்கும், களஞ்சியத்திலும் அதே 192.168.1.20 இருக்கும். பிறகு இரண்டையும் விபிஎன் (இணையத்துக்குள்ளேயே போடும் மறைகுறியாக்கிய தனிப்பாதை) வழியாக இணைக்கப் போனால், கேட்கும் கணினி தன் பக்கத்தில் இருக்கிறதா அந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒரு கிளையின் முகவரிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பிரின்டர், கமரா, பில் இயந்திரம் ஒவ்வொன்றையும் தேடித் தேடி மாற்றும் வேலை அது. ஆகவே இரண்டாவது கிளையைப் பற்றி யோசிப்பவர் இன்றைக்கே ஒரு தாளில் கடைக்கு 10.10, களஞ்சியத்துக்கு 10.20, அலுவலகத்துக்கு 10.30 என்று தொகுதி பிரித்து எழுதி, கடையை அந்த முகவரிக்கு மாற்றிவிடலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இந்த வழியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அலுவலகத்திலிருந்து கடைக் கணினியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பலர் ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டொப்புக்கான (தொலைவிலிருந்து கணினித் திரையைப் பார்த்து இயக்குவதற்கான) 3389 கதவை இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். கப்பம் கேட்கும் தீநிரல்கள் உலகெங்கும் உள்ளே நுழையும் முக்கிய வாசல்களில் அதுவும் ஒன்று. உங்கள் ரூட்டரில் அந்தக் கதவு திறந்திருந்தால் இந்தக் கட்டுரையை வாசித்து முடிப்பதற்கு முன் அதை மூடச் சொல்லுங்கள்.

தனிவழி: எம்பிஎல்எஸ்

தொலைத்தொடர்பு நிறுவனமே மூன்று இடத்தையும் தன் வலைக்குள் தனியாக இணைத்துத் தருவது எம்பிஎல்எஸ். வங்கிக் கிளைகள் நெடுங்காலம் இப்படித்தான் இணைக்கப்பட்டன. பொதுவான இணையத்தைத் தொடாமல் போவதால் தாமதம் சீராக இருக்கும், தொலைபேசி உரையாடல் உடையாது. எல்லாவற்றையும்விட, நின்றுபோனால் பொறுப்பு ஒரே இடத்தில். பழுது நம்முடையதா அவர்களுடையதா என்ற தர்க்கம் குறையும். என் கேள்விக்கு மிகத் தெளிவான பதில் இதில்தான் இருக்கிறது.

ஆனால் அந்தப் பதிலுக்கான மாதாந்தக் கட்டணம் சாதாரண பைபர் இணைப்பைவிடப் பல மடங்கு. மூன்று இடமும் அதே நிறுவனத்திடம் இருக்க வேண்டும். களஞ்சியத்தை வேறு இடத்துக்கு மாற்றினால் புதிய இணைப்புக்குக் காத்திருக்க வேண்டும். கொழும்பில் களஞ்சியம் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. தனிவழி என்பதால் தரவு மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எம்பிஎல்எஸ் தானாக எதையும் மறைப்பதில்லை. மற்றவர்களின் போக்குவரத்திலிருந்து பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான்.

இணைப்பு இத்தனை சதவீத நேரம் நிற்காமல் ஓடும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையும் மணித்தியாலமாக மாற்றிப் பாருங்கள். 99.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 44 மணித்தியாலம் நிற்கலாம் என்று பொருள். 99.9 என்றால் 9 மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த நேரத்தை மீறினால் கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு கழிவு மட்டுமே. சனிக்கிழமை போன வியாபாரம் திரும்ப வராது. தொலைபேசிச் சேவை நிலையம் நடத்துபவர், நாள் முழுக்க மாதிரிகளையும் முடிவுகளையும் பரிமாறும் மருத்துவ ஆய்வுகூடக் குழுமம் போன்றவர்களுக்கு எம்பிஎல்எஸ் பொருந்தும். துணிக்கடைக்கும் இரும்புச் சாமான் இறக்குமதியாளருக்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்க நல்ல வழிகள் வேறு இருக்கின்றன.

சொந்த ரூட்டர், இரண்டு இணைப்பு, இடையில் விபிஎன்

மேலே சொன்ன மூன்று இட வியாபாரத்துக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். ஒவ்வோர் இடத்திலும் நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் உங்களுக்குச் சொந்தமான ஒரு ரூட்டர் அல்லது பயர்வோல் (வெளியிலிருந்து வருவதை வடிகட்டும் பெட்டி). அது இரண்டு இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால் மற்றதுக்குத் தானே மாறும். கிளைகளுக்கு இடையே ஐபிசெக் அல்லது வயர்கார்ட் என்ற முறையில் விபிஎன். வயர்கார்ட் 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவின் 5.6 பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. அமைப்பதற்கு எளிது, சின்ன ரூட்டரிலும் நன்றாக ஓடும்.

இரண்டாவது இணைப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பணம் வீணாகிறது. வேறு கொம்பனியின் பைபரை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் அண்ணாந்து பாருங்கள். இரண்டு கொம்பனியின் கம்பியும் ஒரே கம்பத்தில், ஒரே கட்டில் தொங்கும். சரக்கு உயரமாக ஏற்றிய ஒரு லொறி திரும்பும்போது இரண்டையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே முதலாவது பைபர் என்றால் இரண்டாவது காற்றுவழியாக இருக்கட்டும்: 4ஜி, கிடைத்தால் 5ஜி. சிம் போடும் முன் வார நாளில் காலை பதினொரு மணிக்கு, கடையின் உள்ளே, பெட்டி இருக்கப் போகும் அதே இடத்தில் வைத்து வேகத்தைச் சோதியுங்கள். ஞாயிற்றுக்கிழமை வெறுந்தெருவில் காட்டும் வேகத்தை நம்பக்கூடாது. கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரத்தின் எல்லாக் கைபேசிகளும் பகிர்ந்துகொள்கின்றன.

2024இல் உரிமம் பெற்று 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் மூன்றாவது தெரிவு. களஞ்சியத்தின் பரந்த கூரைக்கு அது நன்றாகப் பொருந்தும். நெருக்கிக் கட்டிய மாடிகளுக்கு நடுவே வானம் தெரியாத கடைக்குப் பொருந்தாது. பைபர் பெட்டியைவிடப் பல மடங்கு மின்சாரமும் கேட்கும்.

காற்றுவழி இணைப்புகளில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம்: 4ஜி சிம்முக்கு வழக்கமாகத் தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியிலிருந்து அந்தக் கிளையை அழைக்க முடியாது, அங்கிருந்துதான் வெளியே அழைக்க முடியும். ஆகவே கணக்குக் கணினி இருக்கும் ஓர் இடத்துக்கு மட்டும் மாறாத ஐபி முகவரியைக் கட்டணம் கட்டி எடுங்கள். மற்ற கிளைகள் அதை நோக்கி விபிஎன்னைத் தொடங்கட்டும். மூன்று இடத்துக்கும் மாறாத முகவரி தேவையே இல்லை. ஆனால் அந்த ஓர் இடத்தின் பைபர் விழுந்தால், அது 4ஜிக்கு மாறியபின் மற்றவர்களால் அதை எட்ட முடியாது. அதனால் தலைமை இடத்துக்கு மட்டும், நிலையான முகவரி தரும் இரண்டாவது இணைப்பைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மாத வாடகைக்கு, இணையத்தில் இயங்கும் ஒரு சிறிய மேகக் கணினியை எடுத்து, எல்லாக் கிளைகளும் அங்கே போய்ச் சந்திக்கும்படி அமைக்கலாம்.

வேகம் பற்றியும் ஒரு கணக்கு. கணக்கு மென்பொருளின் கோப்பைக் களஞ்சியத்திலிருந்து விபிஎன் வழியாக நேரே திறந்தால் ஏன் அப்படி ஊர்கிறது? ஒரு திரை திறக்க 500 சின்னக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 15 மில்லிவினாடி என்றால் மொத்தம் ஏழரை வினாடி. கடைக்குள் அதே வேலை அரை வினாடிக்குள் முடியும். 100 மெகாபிட் இணைப்பை 300 ஆக உயர்த்தினாலும் அந்த ஏழரை குறையாது, ஏனென்றால் குறை தாமதத்தில் இருக்கிறது. தீர்வு, மென்பொருளை அது இருக்கும் இடத்திலேயே ஓடவிட்டு, விபிஎன்னுக்குள்ளாக ரிமோட் டெஸ்க்டொப்பில் திரையை மட்டும் கொண்டுவருவது. கிளையில் கம்பி அறுந்தாலும் கோப்பு பாதியில் உடையாது.

இந்த வழியின் பலவீனம் ஆள். மைக்ரோடிக் ரூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். லாத்வியாவில் உருவானது, விலைக்கு அதிகமாகவே வேலை செய்யும், பம்பலப்பிட்டியில் தேடினால் கிடைக்கும். ஆனால் அதை அமைத்தவர் வெளிநாடு போய்விட்டால் அடுத்தவர் வந்து வாசித்துப் புரிந்துகொள்ளவே ஒரு நாள் ஆகும். கவனிக்காமல் விட்டால் ஆபத்தும் கூட. 2018 ஏப்ரலில் அந்த ரூட்டரை நிர்வகிக்கும் வின்பொக்ஸ் மென்பொருளின் வாசலில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோடிக் திருத்தம் வெளியிட்டது. திருத்தத்தைப் போடாத இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டர்களைச் சில மாதங்களுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் கும்பல்கள் கைப்பற்றின. திருத்தம் இலவசம். போட ஆள் இல்லை. சொந்த ரூட்டர் வாங்குபவர், மாதத்துக்கு ஒரு ஞாயிறோ போயாவோ கடை மூடியிருக்கும்போது அதைப் புதுப்பிக்கும் ஒருவருக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

மேகத்திலிருந்து நிர்வகிக்கும் பெட்டிகள்

மூன்று கிளையின் ரூட்டர், சுவிட்ச், வைபை எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்ப்பது நான்காவது வழி. இதற்குள் இரண்டு குடும்பங்கள் உண்டு, வேறுபாடு பெரியது. சிஸ்கோவின் மெராக்கி நேர்த்தியானது. ஆனால் உரிமக் கட்டணத்தைப் புதுப்பிக்காவிட்டால், சலுகை நாட்கள் முடிந்தபின் பெட்டி தன் வேலையையே நிறுத்திவிடும். வெளிநாட்டு நாணயத்தில் விலை பேசப்படும் உரிமம் அது. 2022இல் ரூபா விழுந்ததையும் டொலர் கிடைக்காமல் இறக்குமதியாளர்கள் பட்ட பாட்டையும் கண்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இப்படி ஒரு கயிற்றைச் சின்ன நிறுவனத்தின் கழுத்தில் மாட்ட எனக்கு மனம் வராது.

மற்றக் குடும்பமான யுனிஃபை, டிபி-லிங்கின் ஒமாடா போன்றவற்றில் கட்டுப்பாட்டு மென்பொருளை நீங்களே ஒரு சிறு பெட்டியில் ஓடவிடலாம், வருட உரிமம் இல்லாமலே. அது நின்றாலும் வைபை தொடர்ந்து வேலை செய்யும். என் கேள்விக்கு இங்கே கிடைக்கும் பதில் பிடித்தமானது: தொழில்நுட்பவியலாளர் தெஹிவளையில் இருந்தபடியே பேலியகொடையின் எந்தச் சுவிட்ச் வாசல் செத்திருக்கிறது என்று பார்த்துவிடுவார், கடைப் பையனிடம் "ஏழாம் கம்பியை எட்டுக்கு மாற்று" என்று சொல்லிவிடுவார். அந்த வசதிக்கு ஈடாக, நிர்வாகக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்பது மிக முக்கியமாகிறது. அது கொம்பனியின் மின்னஞ்சலாக இருக்க வேண்டும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு முதலாளியின் கைபேசிக்கு வர வேண்டும். நிறுவியவரின் சொந்த ஜிமெயிலில் இருந்தால் வலையமைப்பு அவருடையது, உங்களுடையது அல்ல.

ரூட்டரை ஒரு வகையிலும் சுவிட்சையும் வைபையையும் இந்த வகையிலும் கலந்து எடுப்பதில் தவறில்லை. விபிஎன்னுக்கு மைக்ரோடிக், மற்றதற்கு ஒமாடா என்று கலந்தாலும் நன்றாக ஓடும்.

எந்த வழி எடுத்தாலும்

பிரித்து வைப்பது. பில்லும் கணக்கும் ஒரு வீலேனில் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி வலை), கமராக்கள் ஒன்றில், ஊழியரின் கைபேசிகளும் வாடிக்கையாளரின் வைபையும் வேறொன்றில். 16 கமரா, ஒவ்வொன்றும் வினாடிக்கு 4 மெகாபிட் என்றால் 64 மெகாபிட். பழைய 100 மெகாபிட் சுவிட்சில் அதே வாசலைக் கணக்குக் கணினியும் பகிர்ந்தால் பில் இயந்திரம் தடுமாறும். கமராக்களின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதன் விளைவை 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகுக்கே காட்டியது. நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச்தான் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யாரோ ஒருவர் தரையில் கிடந்த கம்பியின் இரண்டு நுனியையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டால், சாதாரண சுவிட்சில் முழுக் கடையும் நின்றுபோகும். நிர்வகிக்கும் சுவிட்ச் அந்த வளையத்தைக் கண்டுபிடித்து வாசலை மூடும்.

கம்பி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெட்டியை ஐந்து வருடத்தில் மாற்றுவீர்கள், சுவருக்குள் போன கம்பி பதினைந்து வருடம் இருக்கும். முழுச் செம்பு கேட் 6 கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுக் கம்பி, கமராவுக்கு மின்சாரமும் சேர்த்து அனுப்பும்போது சூடாகி இணைப்பை இடையிடையே அறுக்கும். ஓர் ஓட்டம் 100 மீற்றரைத் தாண்டக்கூடாது. நீளமான களஞ்சியத்தில் இதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்பு இழுக்காமல் பைபர் இழுங்கள், சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடிமின்னல் செம்பு வழியாகத்தான் இரு பக்கப் பெட்டிகளையும் சுட்டுவிடுகிறது. களுகங்கை, களனி கங்கை ஓரத்தில் இருப்பவர்கள் பெட்டிகளைத் தரையில் வைக்காதீர்கள். 2016 மே வெள்ளத்தில் களனி எவ்வளவு உயர்ந்தது என்று வெல்லம்பிட்டியில் யாரைக் கேட்டாலும் சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு நாடு முழுக்க இருண்டது. ரூட்டர், பைபர் பெட்டி, ஒரு சுவிட்ச் மூன்றும் சேர்ந்து 50 வோட் எடுக்கும் என்று வையுங்கள். கடையில் வாங்கும் சின்ன யூபிஎஸ்ஸின் 7 அம்பியர்-மணி மின்கலம் அதை ஒரு மணித்தியாலம் தாங்குவதே கடினம். இன்வேர்ட்டருடன் 100 அம்பியர்-மணி மின்கலம் ஒன்று பகல் முழுக்கத் தாங்கும். நீண்ட வெட்டில் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்து 4ஜி விழும் என்பதையும் கணக்கில் எடுங்கள். பைபரே அப்போது நம்பகமானது.

காப்புப் பிரதியில் ஒன்றாவது வலையமைப்புக்கு வெளியே, கழற்றி வைத்த நிலையில் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கட்டமைப்பைத் தாக்கிய தீநிரல் இணைந்திருந்த காப்புப் பிரதிகளையும் பூட்டியது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை. வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் உங்கள் கணினியில் இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களையும் நோக்கித்தான் பேசுகிறது.

ஒப்பந்தம்

ஆக, ஒரே கடை என்றால் கொம்பனிப் பெட்டியோடு இருங்கள், முகவரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு முதல் ஆறேழு இடம் என்றால் சொந்த ரூட்டர், உரிமமில்லாத மேக நிர்வாகம், பைபரும் 4ஜியும். முழுநேரத் தொழில்நுட்பவியலாளரை வைக்க இந்த அளவு வியாபாரத்தால் முடியாது, பராமரிப்பு ஒப்பந்தம்தான் பொருத்தம். அதில் என்ன எழுதப்பட வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். அழைத்து எத்தனை மணித்தியாலத்தில் ஆள் வருவார். உதிரி ரூட்டர் ஒன்று, அமைப்புகள் ஏற்றிய நிலையில், யாருடைய அலுமாரியில் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ரூட்டரின் அமைப்புக் கோப்பும் வரைபடமும் கடவுச்சொற்களும் முதலாளியிடம் வந்துசேரும் என்ற உறுதி.

ஒப்படைக்கும் நாளில், கடை திறந்திருக்கும்போதே, அவர்கள் முன்னிலையில் பைபர் கம்பியைக் கழற்றச் சொல்லுங்கள். பில் போட்டுப் பாருங்கள். களஞ்சியத்திலிருந்து இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பிரதான மின் ஆளியை அணைத்துவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். பணத்தின் கடைசிப் பங்கைக் கொடுப்பது அதற்குப் பிறகு.